எண்ணெ வண்டிக்காக நாலு நாள்: செட்டிநாட்டு டைரி

14 ஆகஸ்ட் 2025, வியாழன் – தாம்பரத்துலேருந்து காரைக்குடி

மொதல்லயே சொல்லிடறேன், இது அரண்மனை வீடும் ஆத்தங்குடி கல்லும் பாக்கப் போன டூர் இல்ல. விளம்பர ஸ்டிக்கர் ஒட்டின ரயிலு போட்டோ எடுக்கப் போனேன். சிரிக்கிறவங்க இங்கயே சிரிச்சுக்கலாம், வீட்டுல ஏற்கெனவே சிரிச்சாச்சு.

ரெண்டு மாசம் முன்னாடி ஃப்ரெண்டு ஒருத்தன் பஸ்லேருந்து எடுத்த போட்டோ ஒண்ணு அனுப்பினான், ஆட்டத்துல எல்லாமே கலங்கி இருந்துச்சு, ஆனா நீல ஸ்லீப்பர் பெட்டி மேல ஆள் உயரத்துக்கும் மேல ஒரு தமிழ் எழுத்து மட்டும் தெரிஞ்சுது, "ணெ". அவ்ளோதான். பெட்டிக்கு ஒரு எழுத்தா ஒட்டி நாலு பெட்டிக்கு "எண்ணெய்"னு வரும்னான், காரைக்குடி வழியா ராமேஸ்வரம் போற வண்டியாம், பகல்லயே கடக்குமாம். எந்த எண்ணெய் கம்பெனி, எந்த வண்டின்னு நான் சொல்லப் போறதில்ல, அவங்க காசு குடுத்து ஒட்டினதுக்கு நான் எதுக்கு ஓசியில விளம்பரம் பண்ணணும்.

இந்தக் கிறுக்கு பத்தாவது படிக்கும்போதே பிடிச்சது. 2007 டிசம்பர் 1, எய்ட்ஸ் தினத்தன்னைக்கு ரெட் ரிப்பன் எக்ஸ்பிரஸ்னு ஒரு விழிப்புணர்வு ரயில டெல்லியில கொடியசைச்சு அனுப்பினாங்க, பேப்பர்ல வந்த படத்தை வெட்டி ஜாமெட்ரி பாக்ஸ்ல வச்சிருந்தேன். டீச்சர் பாத்துட்டு என்னடா படம் இதுன்னு கேட்டப்போ ரயிலு டீச்சர்னு சொன்னேன், அவங்க நம்பல.

பல்லவன் எக்ஸ்பிரஸ்ல பக்கத்து சீட்டு ஒரு ஆச்சி, கோட்டையூர்க்காரங்க. செங்கல்பட்டு தாண்டறதுக்குள்ள டப்பாவைத் திறந்து சீப்பு சீடைய நீட்டிட்டாங்க, வேணாம்னு சொல்ல வழியே இல்ல, "சாப்புடுங்க தம்பி, வீட்ல செஞ்சது"ன்னு மடியிலயே வச்சிட்டாங்க. காரைக்குடிக்கு என்ன சோலியான்னு கேட்டாங்க. ரயிலு பாக்கப் போறேன் ஆச்சின்னேன். அவங்க ஜன்னலைப் பாத்தாங்க, சீட்டைப் பாத்தாங்க, என்னையப் பாத்தாங்க. "ரயில்லதானப்பா ஒக்காந்திருக்க?"

அதுக்கப்புறம் திருச்சி வரைக்கும் நான் தூங்கற மாதிரியே இருந்தேன்.

ராத்திரி பத்தரைக்கு மேல எறங்கினேன். லாட்ஜ் வாடகை 900, ஃபேன் மூணுல வச்சா ஓடும், நாலுல வச்சா பேசும். மூணுலயே தூங்கினேன்.

15 ஆகஸ்ட் 2025, வெள்ளி – கோட்டையூர் பக்கம் ஒரு ரயில்வே கேட்டு

சுதந்திர தினம், அதோட ஆடி கடைசி வெள்ளி. விடியக்காலமே ஊரு ரெண்டா முழிச்சிருந்துச்சு, ஒரு பக்கம் ஸ்பீக்கர்ல தேசபக்திப் பாட்டு, இன்னொரு பக்கம் அம்மன் பாட்டு. ரெண்டுக்கும் நடுவுல ஒரு கடையில வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய் சட்னியும், பணியாரம் ஒண்ணு 8 ரூபா. ஆறு சாப்பிட்டேன். ஓரம் முறுகலா நடுவுல பஞ்சு மாதிரி, சட்னி மட்டும் காதுல புகை வர்ற ரகம். ரெண்டாவது தடவ சட்னி கேட்டப்போ கடைக்காரர் "பழக்கமாண்ணே?"ன்னு கேட்டுட்டுத்தான் ஊத்தினாரு, அந்த அக்கறை நல்லா இருந்துச்சு, மத்தியானம்தான் அதோட அர்த்தம் புரிஞ்சுது.

டவுன் பஸ்ல கோட்டையூர் தாண்டி எறங்கி, லைனை ஒட்டி நடந்தா ஒரு லெவல் கிராசிங் வரும்னு மேப் சொல்லுச்சு. மேப்புல சீமைக்கருவேல முள்ளு தெரியாது. ரப்பர் செருப்பை முழுசா தொளச்சு குதிகால்ல எறங்கிடுச்சு. ஒத்தக் கால்லயே நொண்டி கேட்டுக்கு வந்து சேந்தேன்.

அங்க புளியமரத்தடியில ஒரு அம்மா வெள்ளரிப்பிஞ்சு வித்துக்கிட்டு இருந்தாங்க. கேட்டு மூடினா வண்டிங்க நிக்கும், அப்பத்தான் வியாபாரம், திறந்துட்டா எல்லாம் சும்மா பறக்கும். என் நடையப் பாத்ததும் ஒண்ணும் கேக்காம "ஒக்காரு அப்பு"ன்னு சொல்லி, தாலிக்கயித்துல மாட்டியிருந்த ஊக்கைக் கழட்டி, என் காலைத் தூக்கி அவங்க முழங்கால் மேல வச்சுக்கிட்டாங்க. வேணாம்மா வேணாம்மான்னு நான் கத்தறதுக்குள்ள முள்ளு வெளிய வந்துருச்சு, அரை இன்ச் இருக்கும். அதை என் உள்ளங்கையில வச்சு காட்டிட்டு, ஊக்கை முந்தானையில தொடச்சு மறுபடி மாட்டிக்கிட்டாங்க. காசு குடுத்தா வாங்கல. வெள்ளரிப்பிஞ்சு வாங்கினா மட்டும் காசு, நாலு 20 ரூபா.

ரயிலு பத்திக் கேட்டேன். எண்ணெய்னு எழுதின வண்டி...

"எண்ணெ வண்டியா? இன்னைக்கு உள்ளதுதான். நேரம் இருக்கு."

அவங்களுக்கு வண்டிங்களோட நம்பரோ பேரோ தெரியாது. பல்லவன் மட்டும் பல்லவன்தான், மத்ததெல்லாம் அவங்களே வச்ச பேரு. காலையில வர்ற பாசஞ்சர் "பள்ளிக்கூட வண்டி", சரக்கு ரயிலு "நீட்டு வண்டி", இது "எண்ணெ வண்டி".

நான் கேட்டுக்கு மேக்கால போய் நின்னேன், அங்கதான் நெழலு. அந்தம்மா கைய ஆட்டிக் கூப்பிட்டாங்க. "அங்க நிக்காத அப்பு, அங்க நின்னா கடைசியிலேருந்து வரும்." எனக்குப் புரியல. ரெண்டு நிமிஷம் மண்ணுல குச்சியால கோடு போட்டுப் பாத்தப்புறம்தான் புரிஞ்சுது, புரிஞ்சதும் புல்லரிச்சுப் போச்சு. தமிழு இடது பக்கத்துலேருந்து வலது பக்கம் எழுதறது. வண்டி தெக்க போகுது. நான் கெழக்க நின்னு பாத்தா வண்டி வலதுலேருந்து இடது பக்கமா ஓடும், அதனால முன்னாடி வர்ற பெட்டியில மொதல் எழுத்து, எ, அப்புறம் ண், அப்புறம் ணெ, ய்னு வரிசையா வரும். மேக்க நின்னா அதே வண்டி இடதுலேருந்து வலது பக்கமா ஓடும், அப்ப ய் மொதல்ல வந்து எ கடைசியில வரும். வண்டி எந்தத் திசையில போனாலும் அதுக்கு இடது கை பக்கம் நின்னா நேரா வாசிக்கலாம், வலது பக்கம் நின்னா தலைகீழ். பதினெட்டு வருஷமா ரயிலு பாக்கறேன், இது தோணவே இல்ல. கம்பெனிக்காரங்களுக்காவது தோணுச்சான்னு தெரியல.

"எப்படிம்மா கண்டுபுடிச்சீங்க?"ன்னேன். "எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். ஓடுற வண்டியில எங்கேருந்து கூட்டறது, ஒரு நாளைக்கு ஒரு எழுத்தா பாத்தேன்"னாங்க.

காத்திருக்கற நேரத்துல போன்ல இருக்கற படமெல்லாம் காட்டினேன். 2019 தேர்தலுக்கு ஓட்டுப் போடச் சொல்லி ஹிம்சாகர், கேரளா எக்ஸ்பிரஸ் மாதிரி நாலு வண்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாங்களே, அது. அதுக்கு ஒண்ணும் சொல்லல. அடுத்து ஜப்பான்ல இருக்கற சித்தி பையன் அனுப்பின ஹலோ கிட்டி புல்லட் ரயிலு, 2018 ஜூன்ல ஓட ஆரம்பிச்சது, மூக்குலேருந்து வால் வரைக்கும் ரோஸ் கலர் ரிப்பன். போனை வாங்கி தூரமா புடிச்சு, கிட்ட புடிச்சு பாத்தாங்க.

"பூனைக்கு வாயே போடலையே?"

நானும் அப்பத்தான் பாத்தேன், ஆமா, அதுக்கு வாயே கிடையாது.

கேட்டு மூடுச்சு. ஒரு காய்கறி ஆட்டோ, ரெண்டு டிவிஎஸ் 50, கொடி குத்தின யூனிபார்ம்ல ரெண்டு பசங்க கையில ஆரஞ்சு மிட்டாயோட. நான் கெழக்க நின்னு போனை செட் பண்ணி வச்சிருந்தேன். இஞ்சின் மூக்குல சின்னதா தேசியக்கொடி கட்டி வந்துச்சு, அழகா இருந்துச்சு, பின்னாடி பெட்டி வந்துச்சு, வந்துச்சு, வந்துக்கிட்டே இருந்துச்சு. வெறும் நீலம். ஒரு எழுத்து இல்ல.

தப்பு என்னோடதுதான். தூரத்து வண்டிக்கு ஒரே செட் பெட்டி பத்தாது, ஒண்ணு போய்ச் சேந்து கழுவி ரெடியாகி திரும்பறதுக்குள்ள அடுத்த தடவைக்கான வண்டி கிளம்பியாகணும், அதனால ரெண்டு மூணு ரேக்கு, அதாவது பெட்டி செட்டு, மாத்தி மாத்தி ஓட்டுவாங்க. ஸ்டிக்கர் ஒட்டினது அதுல ஒண்ணுதான். நான் கணக்கு போட்டப்போ ஒரு நாளை விட்டுட்டேன். இது தினமும் ஓடாத, ரெண்டு ரேக்கு வண்டி, இன்னைக்கு வெறும் ரேக்குன்னா அடுத்த தடவை, ஞாயித்துக்கிழமை, அதுதான் வரணும்.

விளம்பரம் இஞ்சின்ல இருந்தா இந்தக் கணக்கும் உதவாது. இஞ்சின் இன்னைக்கு இங்க, நாளைக்கு எந்த மாநிலமோ. ரேக்காவது சொன்ன பேச்சு கேக்கும்.

அந்தம்மாவுக்கு ஆச்சரியமே இல்ல. "இன்னைக்கு எண்ணெ வண்டில எழுத்து இல்ல"ன்னு சாதாரணமா சொல்லிட்டு மிளகாப்பொடி டப்பாவை மூடிட்டாங்க. எழுத்து இல்லாட்டியும் அது எண்ணெ வண்டிதான்.

சாயங்காலம் கொப்புடைய நாயகி அம்மன் கோயில் பக்கம் போனேன், உள்ள நுழைய முடியாத கூட்டம். வெளிய ஒரு எடத்துல கூழு ஊத்தினாங்க, சின்ன வெங்காயத்தோட ரெண்டு சொம்பு குடிச்சேன். காலையில சாப்பிட்ட சட்னிக்கு அதுதான் மருந்து.

16 ஆகஸ்ட் 2025, சனி – முனீஸ்வரன் கோயில் தெரு

இன்னைக்கு ரயிலு இல்ல. வெயிலு கொளுத்துச்சு. குதிகால் வீங்கியிருக்கு.

முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய சாமான் கடைங்க வரிசையா இருக்கு, செட்டிநாட்டு வீடுகள்லேருந்து வந்த தூண், கதவு, மரப்பாச்சி, பீங்கான் ஜாடி, பர்மாவுலேருந்து வந்த அரக்குக் கூடை, வெளிநாட்டு எனாமல் சட்டிங்க. சும்மா கால் போன போக்குல போனவன் ஒரு கடை வாசல்லயே நின்னுட்டேன், சொவத்துல சாய்ச்சு வச்சிருந்தது ஒரு எனாமல் விளம்பர போர்டு. டீத்தூளு விளம்பரம். முந்தியெல்லாம் ஸ்டேஷன் பிளாட்பாரத்துலயும் கடை வாசல்லயும் ஆணி அடிச்சு மாட்டின ரகம். மஞ்சள் மஞ்சளாவே இருக்கு, பச்சை பச்சையாவே இருக்கு. "தேயிலை"ல வர்ற லை-க்கு முன்னாடி யானைத் தும்பிக்கை மாதிரி பழைய கொம்பு. எழுத்துச் சீர்திருத்தம் வந்தது 1978-ல, அதுனால போர்டு அதுக்கு முன்னாடி உள்ளதாத்தான் இருக்கணும், எவ்ளோ முன்னாடின்னு கடைக்காரர் சொன்னதை நான் நம்பல.

ஆனா அவரு ஒண்ணு காட்டினாரு. நகத்தால போர்டைத் தட்டினாரு, டிங்னு கிண்ணம் மாதிரி சத்தம். "இது பெயிண்ட் இல்ல தம்பி, கண்ணாடி. கண்ணாடித்தூளை இரும்பு மேல பூசி சூளையில வச்சு உருக்கினது. வெயிலு இதை ஒண்ணும் பண்ணாது, கல்லு மட்டும்தான் பண்ணும்"னு ஒரு மூலையைக் காட்டினாரு. யாரோ பசங்க கல்லெறிஞ்ச எடம், வட்டமா எனாமல் தெறிச்சு உள்ள இரும்பு கறுத்துக் கெடந்துச்சு, அந்த வட்டத்துலேருந்து துரு மட்டும் ஒரு கோடா கீழ எறங்கியிருந்துச்சு. மத்தபடி நேத்து செஞ்சது மாதிரி இருக்கு.

வெல 6,500. நான் ரெண்டாயிரம்னேன். அவரு கோபப்படல, சிரிக்கவும் இல்ல, "டீ சாப்புடுங்க"ன்னு சொல்லி பையனை அனுப்பிட்டாரு. டீ குடிச்சப்புறம் எதுவுமே வாங்காம எப்படிக் கிளம்பறது, அதான் அவங்க வியாபாரம். கைப்பிடி தெறிச்ச எனாமல் கிண்ணம் ஒண்ணு 250-க்கு எடுத்துக்கிட்டேன். வீட்டுல கேட்டா 100-ன்னு சொல்லணும்.

மத்தியானம் ஒரு மெஸ்ல இலைச் சாப்பாடு 150, மட்டன் சுக்கா தனியா 220, கோலா உருண்டை ரெண்டு 60. சுக்காவுல மிளகு நல்லா ஏறியிருந்துச்சு, கோலா சுமார், உள்ள மாவு ஜாஸ்தி. பரிமாறினவரு ரசம் வேணுமான்னு கேக்கல, ஊத்திட்டாரு. மோர் வேணுமான்னும் கேக்கல. இலையை மூடப் போனப்போதான் வாயத் திறந்தாரு, "பாயாசம் சாப்புடாம மூடாதீங்க". இதே ஊர்ல ஒரு பெரிய பாரம்பரிய வீட்டு ஹோட்டல்ல மத்தியானச் சாப்பாடு மட்டும் 1,400-ன்னு போர்டைப் பாத்துட்டு வெளிய வந்தவன் நான், வருத்தமே இல்ல.

நாலு மணிக்கு மேல திடீர்னு இருட்டி மழை. அரை மணி நேரம் சரியான அடி. ரூம் ஜன்னல் மூடாம போயிருந்தேன், போன் சார்ஜர் நனைஞ்சு செத்துப் போச்சு. புதுசு 350, பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல. அந்தக் கடைக்காரர் டெஸ்ட் பண்ணிக் காட்டாம குடுக்க மாட்டேன்னு பத்து நிமிஷம் நிக்க வச்சாரு.

17 ஆகஸ்ட் 2025, ஞாயிறு – மறுபடி அதே கேட்டு

ஆவணி பொறந்துருச்சு. மழை பேஞ்ச மறுநாள், தூசி இல்ல, புளியமரம் கழுவி விட்ட மாதிரி இருந்துச்சு. இந்தத் தடவை ரோட்டு வழியா ஆட்டோவுல போயிட்டேன், 180 ரூபா, முள்ளுக்கு அது பரவால்ல.

அந்தம்மா "கால் எப்படி இருக்கு?"ன்னு கேட்டு, காட்டச் சொல்லி, அழுத்திப் பாத்து, "சீழ் இல்ல"ன்னு முடிவு சொன்னாங்க. நேத்து வாங்கின கிண்ணத்தை பையில பாத்துட்டு எவ்ளோன்னு கேட்டாங்க. நூறுன்னேன். "நூறா! எங்க வீட்ல நாலு கெடக்கு, கோழிக்கு தண்ணி வைக்கிறேன்."

கேட்டு மூடுச்சு. கெழக்க நின்னேன், முதுகுல காலை வெயிலு, பெட்டி மேல நேரா விழும், இதைவிட நல்ல எடம் கெடைக்காது. போனை ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டேன். 22 பெட்டின்னா கிட்டத்தட்ட அரை கிலோமீட்டர் நீளம், 90 ஸ்பீடுல வந்தா 20 செகண்டு, அவ்ளோதான் நம்ம நேரம்.

வந்துச்சு. இந்த ரேக்குதான், தெரிஞ்சுபோச்சு, ஆனா நான் நெனச்ச மாதிரி இல்ல. ஸ்டிக்கரை உரிச்சுட்டாங்க. கான்ட்ராக்ட் முடிஞ்சிருக்கும்.

ஆனா எழுத்து இருந்துச்சு. எப்படின்னா, இவங்க பெட்டி முழுக்க மூடாம எழுத்தை மட்டும் வெட்டி நீலத்து மேல ஒட்டியிருந்திருக்காங்க, ஸ்டிக்கர் இருந்த எடத்துல வெயிலு படல, மத்த எடமெல்லாம் வெளுத்துப் போச்சு. அதனால வெளிர் நீலத்துல கரு நீலமா, யாரோ ஈரக்கையால தடவி எழுதின மாதிரி, அந்த "எ" நிக்குது. அதோட வயித்துல ஒரு ஜன்னல், ஜன்னல்ல ஒரு தாத்தா பல்லு குத்திக்கிட்டு வெளிய பாத்துட்டு இருந்தாரு, தான் ஒரு எழுத்துக்குள்ள ஒக்காந்திருக்கோம்னு அவருக்கு எங்க தெரியும். அடுத்து "ண்" வரணும், வரல, அந்தப் பெட்டி எங்கயோ ரிப்பேர் பாக்கற சிக் லைன்ல நிக்கும்போல, அதுக்குப் பதிலா வேற பெட்டி கோத்துருக்காங்க. அப்புறம் "ணெ", நெழலா. கடைசியா "ய்", அதை மட்டும் உரிக்க மறந்துட்டாங்களோ நேரம் பத்தலையோ, ஸ்டிக்கராவே இருந்துச்சு, சிவப்பா இருந்தது வெளுத்து செவ்விளநீர்க்காய் கலராயிடுச்சு, ஓரம் ஒண்ணு பிரிஞ்சு காத்துல படபடன்னு அடிச்சுக்கிட்டே போச்சு. புள்ளி மட்டும் ஜன்னலுக்கு மேல, கூரை ஓரமா, நல்லா ஒட்டிக்கிட்டு இருந்துச்சு.

போயிருச்சு. காதுல இன்னும் படபடன்னு கேட்டுச்சு.

கேட்டு திறக்கறதுக்குள்ள டிவிஎஸ் 50-ல வந்த ஒருத்தரு, மூச்சு வாங்க, தலையில துண்டு, நின்ன வண்டிங்களைப் பாத்துட்டு அந்தம்மாகிட்ட கேட்டாரு, "எண்ணெ வண்டி போயிருச்சாக்கா?"

"இப்பத்தான்."

அவரு வாட்சைப் பாத்தாரு, "அப்ப பத்து நிமிஷம் லேட்டு"ன்னு யாருக்கோ போன் போட ஆரம்பிச்சாரு.

நான் புளியமரத்தடியில ஒக்காந்து வீடியோவைப் போட்டுப் பாத்தேன். மொத ஏழு செகண்டு என் கட்டைவிரல். "எ" போச்சு, தாத்தா போயிட்டாரு. அப்புறம் அந்த வெறும் பெட்டி, நல்ல தெளிவா. "ணெ" பாதி. "ய்" முழுசா இருக்கு, படபடக்கறது கூட தெரியுது, பின்னாடி அந்தம்மா குரல், "புள்ளி பாரு அப்பு, புள்ளி, புள்ளி."

நாலு வெள்ளரிப்பிஞ்சு வாங்கினேன். இன்னைக்கு மிளகாப்பொடி ஜாஸ்தி போட்டுட்டாங்க, அஞ்சாவதா ஒண்ணு கொசுறும் வச்சாங்க.